சொங்காய்: பயிற்சி முடிந்த மறுநாள்

கிராமத்து இளைஞருக்கான சுயதொழில் திட்டங்களின் அறிக்கைகளைப் புரட்டினால், பெரும்பாலும் ஓர் எண்தான் தடித்த எழுத்தில் இருக்கும்: பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர். சான்றிதழோடு நிற்கும் குழுப்படம் ஒன்றும் இருக்கும். அந்தப் படத்தின் மூன்றாவது வரிசையில் நிற்பவர் ஊருக்குத் திரும்பிய பிறகு எதை வளர்த்தார், யாரிடம் விற்றார், தீவனக் கடைக்காரருக்குக் கொடுத்தது போகக் கையில் என்ன நின்றது என்று கேட்டால் கோப்பு வாயைத் திறக்காது.

மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டின் போர்ட்டோ-நோவோ நகரில் 1985-இல் தொடங்கப்பட்ட சொங்காய் மையத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சிறு பண்ணைத் தொழில் கற்றுத்தரும் நிறுவனங்கள் எத்தனையோ இருக்கின்றன. தான் கற்பிக்கும் தொழிலிலேயே தானும் பிழைத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்ட நிறுவனம் அரிது. அந்த ஒரு முடிவு எவ்வளவு தூரம் கைகொடுத்தது, எங்கே போய் முட்டி நின்றது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அரசு வேலை நின்றுபோன நாடு

நைஜீரியாவுக்கும் டோகோவுக்கும் நடுவே, கடலிலிருந்து வடக்கு நோக்கி நீளும் ஒடுக்கமான நாடு பெனின். 1960-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் தஹோமே. 1972-இல் இராணுவப் புரட்சி வழியே ஆட்சிக்கு வந்த மத்தியூ கெரெக்கூ, 1974-இல் மார்க்சிய-லெனினியமே நாட்டின் பாதை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு நாட்டின் பெயரும் மாறியது. அந்த அமைப்பில் படித்தவருக்கு ஒரு நிச்சயம் இருந்தது. பட்டம் வாங்கினால் அரசு எங்காவது ஒரு நாற்காலி கொடுத்துவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடியானவர் எதிர்பார்த்ததும் அந்த நாற்காலியைத்தான்.

1980-களின் நடுவில் கருவூலம் வறண்டது. பட்டதாரிகளை அரசு தானாகவே பணியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசு வங்கிகள் சரிந்தன. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கே சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை. 1990-இல் தேசிய மாநாடு கூடி ஒற்றைக் கட்சி ஆட்சிக்கு முடிவு கட்டியதற்குப் பின்னணி இதுதான்.

இளைஞர்கள் இருவகையாக நின்றார்கள். படித்து முடித்து வேலை கிடைக்காமல் நகரத்தில் காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பாவின் நிலத்தில் மண்வெட்டி பிடிக்கவும் மனமில்லாமல், மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டவோ எல்லை தாண்டி நைஜீரிய பெட்ரோலைக் கடத்தி வந்து பாட்டிலில் விற்கவோ போனவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது தொழிலைச் சோம்பேறிகளின் வேலை என்று தள்ளிவிட முடியாது. அன்றாடம் கையில் காசு புரளும் தொழில் அது. இளைஞரை விவசாயத்துக்கு அழைக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த அன்றாடக் காசோடுதான் போட்டியிட வேண்டும். இதை மறந்த திட்டங்கள் முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

ஒரு ஹெக்டேர்

நைஜீரியாவில் பிறந்த காட்ஃப்ரி நசமுஜோ டொமினிக்கன் சபைப் பாதிரியார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் காட்சிகள் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியபோது அவர் கண்டம் திரும்பினார். பல நாடுகளைச் சுற்றிப் பார்த்த பிறகு அவருக்கு இடம் கொடுத்தது பெனின். கடவுளை ஒதுக்கி வைத்த ஓர் அரசு கத்தோலிக்கப் பாதிரியாருக்கு நிலம் எழுதிக் கொடுத்தது என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. கொடுத்த நிலமும் யாரும் சண்டைக்கு வராத நிலம்தான்: போர்ட்டோ-நோவோவின் வாண்டோ பகுதியில் ஒரு ஹெக்டேர், சத்து இழந்து கைவிடப்பட்ட மண்.

பள்ளியை விட்ட சில இளைஞர்களோடு வேலை தொடங்கியது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் நைஜர் ஆற்றங்கரையில் காவோ நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சொங்காய் பேரரசின் பெயரை மையத்துக்கு வைத்தார்கள். 1591-இல் மொராக்கோப் படையிடம் அந்தப் பேரரசு வீழ்ந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் அரசும் வணிகமும் இருந்தன என்று பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது நோக்கம். கோழிக் கூண்டைக் கழுவச் சொல்லும் ஒரு நிறுவனத்துக்கு இந்தப் பெருமிதம் வெறும் அலங்காரம் என்று நினைக்கத் தோன்றலாம். ஆனால் விவசாயம் என்பது தோற்றவர்களின் வேலை என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பையனை அதிகாலையில் எழுப்பிப் பண்ணைக்கு அனுப்ப, கூலியைத் தவிர வேறொன்றும் தேவைப்படத்தான் செய்கிறது.

இன்று அந்த இடம் இருபது ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் சவலூ, பரக்கூ, கின்வெஜி ஆகிய ஊர்களிலும் கிளைகள் எழுந்தன. 1993-இல் பசி ஒழிப்புக்கான ஆப்பிரிக்கத் தலைமைப் பரிசு நசமுஜோவுக்குக் கிடைத்தது.

கழிவு எங்கே போகிறது

சொங்காயைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது சுழற்சி. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பொருளாதாரம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

கோழி, காடை, முயல், பன்றி, ஆடு, வாத்து எல்லாம் உண்டு. 'கிராஸ்கட்டர்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் பெரிய கொறிவிலங்கும் உண்டு. அதன் இறைச்சிக்குக் கடற்கரை நாடுகளில் நல்ல விலை. காட்டைக் கொளுத்தி வேட்டையாடிப் பிடிக்கப்பட்ட விலங்கு அது. கூண்டில் வளர்க்கக் கற்றுக்கொண்டதால் காட்டுக்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் காசு. இவற்றின் எச்சமும் இறைச்சிக் கூடத்தின் கழிவும் ஓரிடத்துக்கு வருகின்றன. அங்கே ஈக்களுக்கு வரவேற்பு. மூடிய கூரையின் கீழ் தொட்டிகளில் கழிவைப் பரப்பி வைத்தால் ஈ முட்டையிடும். சில நாள்களில் புழு கொழுத்துவிடும். புழு வெளிச்சத்தை வெறுக்கும் என்பதால் அதைக் கழிவிலிருந்து பிரித்தெடுப்பது கடினமில்லை. அந்தப் புழு மீனுக்கும் பறவைகளுக்கும் புரதம். மிஞ்சியது மட்கி உரமாகிக் கீரைப் பாத்திக்குப் போகிறது.

சாணமும் ஆகாயத்தாமரையும் எரிவாயுக் கலனுக்குப் போகின்றன. தென் பெனினில் நொக்குவே ஏரியையும் அதில் வந்து சேரும் ஆறுகளையும் ஆகாயத்தாமரை ஆண்டுதோறும் மூடிவிடும். படகு நகராது, வலை வீச முடியாது. மீனவர் சபித்த அந்தச் செடிக்கு இங்கே வேலை கொடுத்தார்கள். வாயு அடுப்புக்கு. கலனிலிருந்து வெளிவரும் கரைசல் குளத்துக்கு. அங்கே நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் திலாப்பியா மேய்கிறது. கெளுத்தி தனிக் குளத்தில். குளத்து நீர் காய்கறிக்கு. மக்காச்சோளத் தவிடும் சோயாப் பிண்ணாக்கும் திரும்பவும் கோழிக்கு.

இதைச் சுற்றுச்சூழல் பாடமாகப் பார்த்து மெய்சிலிர்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு இது முதலில் கணக்குப் புத்தகம். கோழியிலும் மீனிலும் உற்பத்திச் செலவில் அறுபது, எழுபது விழுக்காடு தீவனம். பெனினில் தரமான மீன்தூள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. 1994 ஜனவரியில் பெனினின் நாணயமான மேற்கு ஆப்பிரிக்கப் பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள்: அதுவரை ஒரு பிரெஞ்சுப் பிராங்குக்கு 50 கொடுத்தவர்கள் மறுநாள் 100 கொடுக்க வேண்டியிருந்தது. இறக்குமதித் தீவனத்தை நம்பியிருந்த சிறு பண்ணைக்காரருக்கு அது பேரிடி. தன் புழுவைத் தானே வளர்த்தவர் மூச்சுவிட முடிந்தது. அதே வேளையில் அவர் விற்ற இறைச்சி, இறக்குமதிச் சரக்கோடு ஒப்பிட்டால் மலிவானது. ஆக, தீவனத்தைப் பண்ணைக்குள்ளிருந்தே எடுக்கிறவருக்கு நாணயத்தின் வீழ்ச்சியே இலாபமாக வந்தது.

இரண்டாவது கணக்கு, பணம் திரும்பி வரும் வேகம். எண்ணெய்ப்பனை காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். மக்காச்சோளம் மழையைப் பார்த்து நிற்கும்; தென் பெனினில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் என்றாலும் அறுவடைக்கு மாதங்கள் ஆகும். தண்டுக்கீரை மூன்று நான்கு வாரத்தில் கட்டுக்கட்டாய்ச் சந்தைக்குப் போய்விடும். காடை ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். சினைப்பட்ட முயல் ஒரு மாதத்தில் குட்டி போடும். கெளுத்திக்கு ஏறக்குறைய அரையாண்டு. பெட்ரோல் பாட்டில் விற்றுத் தினக்காசு பார்த்த இளைஞர் நிலத்தில் நிலைக்க வேண்டுமானால் கீரையும் காடையும்தான் அவரைத் தாங்கும். மீனும் பனையும் பிறகு வரலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே பெரிய குளம் வெட்டக் கடன் கொடுக்கும் திட்டங்கள் பல நாடுகளிலும் உண்டு. குளம் நிறையும் முன்பே கடன்காரன் வந்துவிடுவான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இருபது ஹெக்டேர் மையம் ஓட்டும் முழுச் சுழற்சியை அரை ஏக்கர்க்காரர் ஓட்ட முடியாது. ஏழெட்டு உயிரினங்களைப் பராமரிக்க ஆள் பலம் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை தடுமாறும். பறவைக்கூட்டில் நோய் புகுந்த மாதத்தில் புழுத் தொட்டியும் காலி, மீனுக்கும் பட்டினி. இரண்டோ மூன்றோ அலகுகளை மட்டும் கோத்துக்கொள்வதே தனி ஆளுக்கு ஆகும்.

விற்றுத்தான் ஆக வேண்டும்

நன்கொடைகள் வரவில்லை என்று சொல்வது பொய். ஐரோப்பிய, அமெரிக்க உதவிகள் தொடக்கம் முதலே வந்தன. கட்டடங்களிலும் கருவிகளிலும் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு விற்பனையையே நம்புவது என்ற முடிவில்தான் சொங்காய் மற்றவற்றிலிருந்து பிரிகிறது. மையத்துக்குள்ளேயே கடை உண்டு: முட்டை, இறைச்சி, மீன், தயிர், பழச்சாறு, மரவள்ளியிலிருந்து செய்யும் காரி மாவு, பாமாயில், அரிசி, சோப்பு. உணவகம் உண்டு, வெளியூரார் தங்க அறைகள் உண்டு. ஞெகிழிக் கழிவை உருக்கிப் பொருள் செய்யும் கூடமும் இரும்புப் பட்டறையும் உண்டு. பட்டறையில் மரவள்ளி துருவும் இயந்திரம், நெல் அரைக்கும் கருவி, தீவனம் கலக்கும் கருவி போன்றவை பழைய இரும்பிலிருந்து உருவாகின்றன. பழுதானால் செய்தவரிடமே கொண்டுபோகலாம். வெளிநாட்டு இயந்திரம் ஒரு திருகாணிக்காக ஆறு மாதம் முடங்கிக் கிடக்கும் ஊரில் இதன் அருமை தெரியும்.

பயிற்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உணவகத்தில் காடை முட்டை விலைபோகவில்லை என்றால் அந்த வாரமே காடைக் கூடத்தில் இருப்பவருக்குத் தெரியும். சாற்றுப் புட்டியின் மூடி சரியாக இறுகாமல் பத்துப் பெட்டி திரும்பி வந்தால், மூடியவர் முகத்துக்கு நேரே வரும். சம்பளம் அரசு கருவூலத்திலிருந்து வரும் பயிற்சியாளர் கோழி வளர்ப்பைப் பற்றி அழகாகப் பேசலாம். அவர் கோழி விற்றாக வேண்டியதில்லை. விற்றாக வேண்டியவரின் பேச்சு வேறாகத்தான் இருக்கும். தரம், எடை, நேரம், பொட்டலம், கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் முகம் முறியாமல் மறுப்பது போன்றவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது.

பதினெட்டு மாதம்

விவசாய மாணவர்களாகச் சேர்க்கப்படுகிறவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நீண்ட காலமாக நடந்துவந்த வடிவம் பதினெட்டு மாதப் பயிற்சி. அங்கேயே தங்கல், விடிகாலையில் வேலை, ஒவ்வொரு பிரிவாக மாறி மாறிப் பயிற்சி, பெரும்பகுதி கைவேலை, சிறுபகுதி வகுப்பு. அந்த வடிவத்தில் பெனின் இளைஞர் கட்டணம் கட்டவில்லை. அவர்களுடைய உழைப்பே கட்டணம். கடைசிக் கட்டத்தில் தன் ஊர், தன் நிலம், தன் சந்தை ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரும் ஒரு தொழில் திட்டம் எழுத வேண்டும். ஏற்கெனவே பண்ணை அமைத்துவிட்ட பழைய மாணவர்களிடம் சென்று தங்கிப் பழகுவதும் பயிற்சியின் பகுதி.

இந்த ஏற்பாட்டின்மேல் எழும் கேள்வி நியாயமானது: இது பயிற்சியா, கூலியில்லாத வேலையா? பெரிய ஆர்டர் வந்த வாரத்தில் மாணவர் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பாரா, சாறு நிரப்பும் இடத்தில் நிற்பாரா? விற்பனையால் வாழும் பயிற்சி மையம் எதுவும் இந்த இழுபறியிலிருந்து தப்ப முடியாது. முழு மானியத்தில் வாழும் மையத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மாணவர் மூன்று நாள் வந்து, சாப்பாட்டுப் படியும் வாங்கி, கோப்போடு திரும்பிவிடுவார். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் மூன்று நாள் பயிற்சியைத்தான் சொல்வேன். உயிரினத்தோடு பழக ஒரு முழுச் சுற்றாவது வேண்டும்: குஞ்சு வந்த நாள், நோய் வந்த இரவு, விலை விழுந்த சந்தை மூன்றையும் பார்க்காதவர் பண்ணைக்காரர் ஆவதில்லை.

வெளியே போனவர்களை விட்டுவிடாமல் ஒரு வலைப்பின்னலில் வைத்திருப்பது சொங்காயின் இன்னொரு கூறு. குஞ்சும் மீன்குஞ்சும் விதையும் மையத்திலிருந்து கிடைக்கும். களப்பணியாளர் வந்து பார்ப்பார். விளைந்ததில் ஒரு பகுதியை மையம் வாங்கிப் பதப்படுத்தி விற்கும். தனி ஆளாய் நிற்கும் பண்ணைக்காரரின் பெரிய பலவீனம், தரமான குஞ்சு எங்கே கிடைக்கும் என்று தெரியாததும் ஒரே நாளில் விளைந்ததை எங்கே தள்ளுவது என்று தெரியாததும்தான். இந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் நடுவில் உள்ள வளர்ப்பைப் பதினெட்டு மாதம் பழகியவர் பார்த்துக்கொள்வார்.

கோட்டோனூ துறைமுகத்தோடு போட்டி

போர்ட்டோ-நோவோவிலிருந்து முப்பது கிலோமீட்டர் மேற்கே கோட்டோனூ துறைமுகம். பெனினின் அரசு வருவாய் பெருமளவு அந்தத் துறைமுகத்தின் சுங்கத்தில் நிற்கிறது; அதில் வந்து இறங்குவதில் பெரும்பங்கு நைஜீரியாவுக்குப் போகும் சரக்கு. உறைய வைத்த கோழியை நைஜீரியா தடை செய்திருக்கிறது. கோழியோ ஐரோப்பாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கோட்டோனூவில் இறங்கி எல்லை தாண்டுகிறது. வழியில் சிந்துவது உள்ளூர்ச் சந்தையில் மலிவு விலைக்கு விற்கும். உள்ளூரில் கறிக்கோழி வளர்க்கும் இளைஞர் அந்த விலையோடு மோத முடியாது. காடையும் முயலும் கிராஸ்கட்டரும் நாட்டுக்கோழியும் உயிர்மீனும் பயிற்சிப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பதற்கு இதுவும் காரணம். கப்பலில் வராத பொருளைத்தான் சிறியவர் விற்க முடியும்.

அரிசியின் கதை நமக்கு நெருங்கியது. இந்தியா ஏற்றுமதி செய்யும் பாசுமதி அல்லாத அரிசியின் பெரிய வாடிக்கை நாடுகளில் பெனின் ஒன்று. காக்கிநாடாவில் கப்பலேறும் புழுங்கலரிசி மூட்டை கோட்டோனூவில் இறங்கி, பெருமளவு நைஜீரியாவுக்குப் போய்ச் சேர்கிறது. வெமே ஆற்றுச் சமவெளியில் நெல் நட்டு, அவித்து, அரைத்து, பொட்டலம் போட்டு விற்க வரும் பெனின் இளைஞரின் எதிராளி கோதாவரிக் கரை விவசாயிதான். இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். 2023 ஆகஸ்டில் இந்தியா புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டபோது அந்த இளைஞருக்குச் சிறிது இடம் கிடைத்திருக்கும். 2024 அக்டோபரில் வரி எடுபட்டதும் அந்த இடமும் போயிருக்கும். பயிற்சி மையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டெல்லியில் போடும் ஒரு கையெழுத்தை அதனால் தாண்ட முடியாது.

2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் நில எல்லைகளை மூடியது எதிர்த்திசை அடி. 2020 டிசம்பர் வரை நீடித்த அந்த அடைப்பில், நைஜீரிய வியாபாரிகளை நம்பி அன்னாசியும் தக்காளியும் விளைவித்தவர்கள் வாங்க ஆளின்றி நின்றார்கள். பழத்தைச் சாறாக்கவும் காய்கறியைப் பதப்படுத்தவும் தெரிந்தவர் பத்து நாள் அதிகம் தாக்குப்பிடிப்பார். தெரியாதவர் அன்றைய விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

எல்லை தாண்டிய நகல்

2008-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு சொங்காயை ஆப்பிரிக்காவுக்கான சிறப்பு மையமாக ஏற்றது. பிற நாடுகளும் அதை நகலெடுக்க முன்வந்தன. நைஜீரியாவின் மாநில அரசுகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன: டெல்டா மாநிலத்தில் சப்பேலே அருகே அமுக்பேயில் 2002-இல் ஒன்று. பின்னர் ரிவர்ஸ் மாநிலத்தில் தாய் (Tai) என்ற உள்ளாட்சிப் பகுதியின் புனுவில் 314 ஹெக்டேரில் மிகப் பெரிய ஒன்று. எண்ணெய் வளம் கொழிக்கும் மாநிலம், பணத்துக்குக் குறைவில்லை. இளைஞர்கள் போர்ட்டோ-நோவோவுக்கே அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்று வந்தார்கள். குளம், கூண்டு, எரிவாயுக் கலன், பட்டறை எல்லாம் எழுந்தன. 2015-இல் ஆட்சி மாறியது. பண்ணை கவனிப்பாரற்றுப் போனது. இயந்திரங்கள் களவு போயின, புதர் மண்டியது என்று நைஜீரியப் பத்திரிகைகள் எழுதின.

ஒரு ஆளுநரின் திட்டத்தை அடுத்தவர் கைவிடுவது எங்கும் நடப்பது. அதோடு விளக்கத்தை முடித்துக்கொள்வது சோம்பல். போர்ட்டோ-நோவோவில் மாதச் செலவை ஈடுகட்டியது கடையும் உணவகமும். ரிவர்ஸில் ஈடுகட்டியது மாநில வரவுசெலவுத் திட்டம். முட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் சம்பளம் வரும் இடத்தில் முட்டையை எண்ணுவதற்கு ஆள் இருக்கமாட்டார். ஒரு ஹெக்டேரில் தொடங்கி விற்று விற்று வளர்ந்த ஒன்றை முதல் நாளே 314 ஹெக்டேரில் கட்டியபோது, அந்த அளவுக்குரிய சந்தையைத் தேடும் வேலை யாருக்கும் தரப்படவில்லை.

இன்னொரு காரணம் அந்த வட்டாரத்துக்கே உரியது. நைஜர் டெல்டாவில் எண்ணெய்க் குழாய்களைத் தாக்கிய ஆயுதக் குழுக்களுக்கு 2009-இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. ஆயுதம் துறந்தவருக்கு மாதம் 65,000 நைரா உதவித்தொகை. 2011-இல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 18,000 நைராவாக நிர்ணயிக்கப்பட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்ததற்கு மூன்றரை மடங்கு கிடைக்கும் ஊரில், காடைக் கூண்டைக் கழுவு, ஆறு வாரம் பொறு என்று ஓர் இளைஞரிடம் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! பெனினில் போட்டி பெட்ரோல் பாட்டிலோடு இருந்தது. இங்கே அரசு கஜானாவோடு.

நிலம் யாருடையது

சொங்காயின் சொந்த மண்ணிலும் விடை கிடைக்காத பகுதி ஒன்று உண்டு. பயிற்சி முடித்தவர் பண்ணை போட நிலம் வேண்டும். தென் பெனினில் நிலம் பெரும்பாலும் குடும்பத்துக்குச் சொந்தம். பங்கு பிரிப்பது மூத்தோர் கையில். இருபத்திரண்டு வயதுக்காரருக்குக் கிடைப்பது பயிரிடும் உரிமை மட்டும், அதுவும் பெரியப்பா சொல்லும் வரையில். குளம் வெட்டலாமா, பனை நடலாமா என்றால் அங்கேதான் சிக்கல். நிலைத்த மரம் நட்டவர் நிலத்துக்கும் உரிமை கொண்டாடுவார் என்ற அச்சம் மூத்தோருக்கு உண்டு. போர்ட்டோ-நோவோவையும் கோட்டோனூவையும் சுற்றிய நிலத்தை வீட்டுமனைக்காக வாங்கிப் போடுகிறவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். 2013-இல் வந்த நிலச் சட்டம் உரிமைகளைப் பதிவுசெய்ய வழி வகுத்தது. பதிவுக்குச் செலவு உண்டு. குடும்பம் முழுவதும் ஒப்ப வேண்டும்.

இதனால் பயிற்சியின் பலன் சமமாகப் பரவுவதில்லை. வீட்டில் நிலமும் இசைவான தந்தையும் உள்ளவர் பண்ணைக்காரர் ஆகிறார். இல்லாதவர் அதே திறமையோடு வேறொருவர் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்கிறார். அதுவும் பிழைப்புதான், நல்ல பிழைப்புகூட. சொந்தத் தொழில் என்று சொல்லி அழைத்துவந்தவர்கள் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்பது வேறு கேள்வி. கடனுக்குப் போனாலும் ஈடு கேட்கிறார்கள். ஈடு என்றால் மீண்டும் நிலம். இளைஞருக்குப் பயிற்சி கொடுக்கப் பணம் வைத்திருக்கும் எவரும் அதில் ஒரு பங்கை நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தருவதில் செலவிட்டால் பயன் கூடும் என்பது என் எண்ணம். பயிற்சிக்கு நிதி தருகிறவர்கள் வகுப்பறையைக் கட்டுவார்கள்; குடும்பத் தலைவரோடு உட்கார்ந்து பத்து ஆண்டு ஒப்பந்தம் பேச வரமாட்டார்கள்.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். 2004-இன் குடும்பச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு தந்தது. ஊர் வழக்கம் மகளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவளாகவே பார்க்கிறது. நிலம் தரத் தயங்குகிறது. ஆனால் காரி மாவு வறுப்பதும் பாமாயில் எடுப்பதும் சந்தையில் விற்பதும் இப்பகுதியில் தலைமுறைகளாகப் பெண்கள் கையில் இருக்கும் தொழில்கள். அவற்றுக்கு வயல் வேண்டாம். மரவள்ளிக் கிழங்கை வண்டிக்கணக்கில் விலைக்கு வாங்கலாம். துருவும் இயந்திரம் வீட்டு முற்றத்தில் அடங்கும். அதை வாங்கப் பெரியப்பாவின் அனுமதி தேவையில்லை. பயிற்சிக்கு வரும் பெண்களுக்குக் காடைக் கூண்டைக் காட்டுவதற்கு முன் பட்டறைக்கு அழைத்துச் சென்று அந்த இயந்திரத்தின் விலையையும் தவணையையும் பேசினால், பயிற்சி முடிந்த மறுநாளே அவர்களால் அடுப்பு மூட்ட முடியும்.